நாலந்தா ஏற்றத்தில் நின்ற பஸ்

புதிதாக வார்டுக்குள் காலெடுத்து வைத்திருக்கும் இளம் வைத்தியர்களான உங்களுக்காக எதையாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மருந்துகளின் அளவை எழுதப் போவதில்லை. நான் படித்த அளவுகளில் பாதி இப்போது மாறிவிட்டது. நான் செய்த ஒரு தவறை எழுதுகிறேன். அது மாறாமல் அப்படியே இருக்கிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி. நாவுலப் பக்கம் இருந்த ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு என்னைத் தனி வைத்தியனாக அனுப்பினார்கள். முப்பது வயது ஆகியிருக்கவில்லை. மாத்தளை டவுனில் பிறந்து, கொழும்பில் படித்து, சொந்த மாவட்டத்துக்கே டொக்டராகத் திரும்பி வந்த பெருமை முகத்தில் இருந்த காலம். இரண்டு வார்டுகள், தாதி வேலைக்கு ஒரு மிஸ்ஸி, மருந்து கலந்து கொடுக்க ஓர் அப்போதிக்கரி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று. இவ்வளவுதான் என் இராச்சியம். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமென்றால் ஆளைக் கண்டிக்கு அனுப்ப வேண்டும். காலையில் போனவர் பின்னேரம் ஒரு நீளத் தாளைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி பஸ்ஸிலிருந்து இறங்குவார். அந்தத் தாளை நாங்கள் எல்லோரும் கொஞ்சம் பயபக்தியோடுதான் விரித்துப் பார்ப்போம்.

அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது காலை பஸ்ஸின் சத்தம். கூரையில் கத்தரிக்காய்ச் சாக்கும் போஞ்சிக் கூடையும் ஏற்றிக்கொண்டு மாத்தளைச் சந்தைக்குப் போகிற சிவப்பு பஸ். அதன் டிரைவர் ஹனீபா நானா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அகன்ற தோள், உரத்த சிரிப்பு. மாத்தளையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் முஸ்லிம் குடும்பம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய மருந்துப் பெட்டிகளில் பாதி அவருடைய சீட்டுக்குப் பக்கத்தில்தான் பயணம் செய்து வரும். பாம்பு கடித்த ஒரு பிள்ளைக்காக மாத்தளையிலிருந்து மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, அதை இரண்டு கால்களுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு ஓட்டி வந்தவர். அன்றைக்கு வழியில் எந்த ஹோல்ட்டிலும் அவர் நிறுத்தவில்லை. இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கித் திரும்பி நடந்தார்கள். ஒருவர்கூட முறைப்பாடு செய்யவில்லை.

அந்த மனிதர் ஒருநாள் வெளிநோயாளர் வரிசையில் வந்து நின்றார்.

"என்ன நானா, இந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல டொக்டர். டிப்போவுல போய்க் காட்டச் சொன்னாங்க. சும்மா ஒரு வாயுக் கோளாறு."

"எங்க வாயு?"

அவர் விரலால் காட்டவில்லை. கையை முட்டியாக மடக்கி நெஞ்சின் நடுவில் வைத்தார்.

"எப்ப வரும்?"

"பகல் சாப்பிட்டுட்டு, நாலந்தா தாண்டி ஏத்தத்துல ஸ்டேரிங்க முறிக்கக்குள்ள வரும். பின்னால ஏணியில ஏறி சாக்கு ஏத்திக் குடுத்தாலும் வரும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தா போயிரும். போன கெழமை பஸ்ஸ நிப்பாட்டிட்டு நெஞ்சப் புடிச்சிட்டு இருந்தேன். கொண்டக்டர் போய் டிப்போவுல சொல்லிட்டான். இப்ப டொக்டர் கடிதம் இல்லாம பஸ்ஸத் தொட விடமாட்டேங்கிறாங்க."

பாடப்புத்தகம் பல பக்கங்களில் சொல்வதை அந்த மனிதர் இரண்டு மூச்சில் சொல்லி முடித்திருந்தார். நான் நாடி பார்த்தேன். அழுத்தம் பார்த்தேன், கொஞ்சம் கூடுதல். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டேன், சத்தங்கள் சுத்தம். வெளியே வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. கண்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'நெஞ்சு வலி. தயவுசெய்து ஈ.சி.ஜி. எடுத்து உதவவும்.' அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு நாளில் தாள் வந்தது. அதனுடன் கண்டி வைத்தியர் எழுதிய ஒரு வரி: மாற்றம் எதுவும் இல்லை.

அன்று பின்னேரம் ஹனீபா நானாவின் மனைவி என்னைப் பார்க்க வந்தார். நூருல் ராத்தா என்று ஊரில் கூப்பிடுவார்கள். முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலிலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டொக்டர், அவரு தொழப் பள்ளிக்குப் போற வழியில நிக்கிறாரு."

"நிக்கிறதுன்னா?"

"முந்தி அந்த மேட்ட ஒரே மூச்சுல ஏறுவாரு. இப்ப மூணு எடத்துல நிப்பாரு. ஒரு எடத்துல கடை போர்ட வாசிப்பாரு. கொஞ்சம் மேல போய், செருப்புக்குள்ள கல்லு போயிட்டுன்னு தட்டுவாரு. அதுக்கும் மேல போய் ஒரு மனுசன்கிட்ட சொகம் விசாரிப்பாரு. அந்த மனுசனோட அவரு அஞ்சு வருசமா பேச்சு வார்த்தையே இல்ல டொக்டர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

"ராத்தா, இங்க பாருங்க. இதயம் நல்லா இருக்குன்னு கண்டியில இருந்தே வந்திருக்கு. பயப்படாதீங்க."

அவர் தாளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பொறுமையாகப் பார்த்தார்.

"கடதாசி நல்லாத்தான் இருக்கு," என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் கையெழுத்துப் போட்டேன். பஸ் ஓட்டத் தகுதியானவர்.

ஏன் போட்டேன் என்று பிறகு பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். ஈ.சி.ஜி.யை நம்பினேன் என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும் என்பது. அவரை மறுபடியும் ஸ்டேரிங்குக்குப் பின்னால் பார்க்க ஊரே காத்திருந்தது. பிடித்த ஒருவருக்கு நல்ல செய்தி சொல்ல ஆசைப்படுகிற வைத்தியனுக்கு ஒரு தாள் கிடைத்தால் போதும், அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். இதை எந்த விரிவுரையிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆகையால் உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் தந்தது. கேள்விதான் பிழை.

நாவுலக் கமக்காரன் ஒருவன் வயலுக்குத் தண்ணீர் விடுவதை யோசித்துப் பாருங்கள். மேலே வாய்க்காலில் மண் சரிந்து பாதி அடைபட்டுவிட்டது. அவன் என்ன செய்வான்? வரப்பில் தண்ணீர் இறங்கும் திறப்புகளான வக்கடைகளை எல்லாம் அகலமாக வெட்டித் திறந்துவிடுவான். வருகிற கொஞ்சத் தண்ணீரும் தடையில்லாமல் வயலுக்குள் இறங்கும். பயிர் பச்சையாகவே நிற்கும். றோட்டில் போகிறவன் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் வெயில் ஏறி வயல் இன்னும் தண்ணீர் கேட்கும் நாளில், மேற்கொண்டு திறப்பதற்கு அவனிடம் ஒரு வக்கடையும் மிச்சமிருக்காது.

இதயமும் அப்படித்தான். கை கால் தசைகள் ஓய்வில் இருக்கும்போது இரத்தத்திலுள்ள ஒட்சிசனில் கொஞ்சத்தைத்தான் எடுக்கும், மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். இதயத் தசை ஓய்விலேயே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. வேலை கூடினால் இன்னும் பிழிந்தெடுக்க அங்கே அதிகம் இல்லை. கூடுதல் இரத்தம் வந்தாக வேண்டும். அதற்காகத் தசைக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்கள், தசை பசியெடுத்ததும், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தாமாகவே விரிகின்றன. மேலே பெரிய குழாய் ஒடுங்கிப்போனவருக்கு அந்த நுண்குழாய்கள் சும்மா படுத்திருக்கும்போதே விரிந்துவிட்டிருக்கும். கட்டிலில் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தால் பச்சை வயல்தான் தெரியும். சேமிப்பு தீர்ந்துபோன விஷயம் ஏற்றத்தில்தான் தெரியும். ஹனீபா நானாவின் ஏற்றங்களை எண்ணி வைத்திருந்தவர் நூருல் ராத்தா. நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

மூன்று வாரம் போயிருக்கும். எனக்கு மாத்தளையில் ஒரு கூட்டம். பகல் சாப்பாடு முடிந்த கையோடு ஹனீபா நானாவின் பஸ்ஸில் ஏறினேன். என்னைக் கண்டதும் பெரிதாகச் சிரித்து, தனக்குப் பின்னால் இருந்த சீட்டைக் காட்டினார். நாலந்தா வரைக்கும் கலகலவென்று பேசிக்கொண்டே வந்தார். நாலந்தா தாண்டியதும் பேச்சு நின்றது. வளைவுகளில் கவனமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவருடைய இடது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. வலது கையால் மட்டும் ஸ்டேரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிடரியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

இடது பக்கம் பள்ளம். அங்கே நிறுத்த இடமில்லை. அப்படியே கால் மைல் தூரம் ஓட்டினார். ஒரு பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் பஸ்ஸை அழகாக ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தினார். கை பிரேக்கை இழுத்தார்.

"சில்லுக்குக் கல்லு வை," என்றார் கொண்டக்டரிடம். சாதாரணக் குரலில்தான் சொன்னார்.

கொண்டக்டர் இறங்கிக் கல் வைத்துவிட்டுக் குரல் கொடுத்த பிறகுதான் ஸ்டேரிங்கில் தலையைச் சாய்த்தார்.

நான் பாய்ந்து போனேன். முகம் சாம்பல் நிறம். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"டொக்டர், பஸ் நிண்டுட்டு," என்றார். "இப்பப் பாருங்க."

பஸ்ஸுக்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "வாயு தான், சோடா குடுங்க!" என்று ஒருவர் போத்தலை நீட்டினார். "எறக்கி நெழல்ல கொஞ்சம் நடக்க விடுங்க, சரியாப் போகும்," என்றார் இன்னொருவர். இரண்டு பேர் அவருடைய கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கவே தொடங்கிவிட்டார்கள்.

"யாரும் அவர நடக்க விடாதீங்க! ஒரு அடிகூட வேணாம்!"

நான் அப்படிக் கத்தினது அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிது. கையை எடுத்துவிட்டார்கள். நாலு பேராக அவரை மெதுவாகத் தூக்கிப் பக்கத்து நீளச் சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். நாடி வேகமாக ஓடியது, ஆனால் விரலுக்குக் கீழே நிறைவாக இருந்தது. என் பையில் நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் குளிசை ஒரு சிறிய போத்தல் இருந்தது. ஒன்றை எடுத்து அவருடைய நாக்குக்கடியில் வைத்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் முகத்தில் நிறம் திரும்பியது.

"போயிருச்சு டொக்டர். அல்ஹம்துலில்லாஹ். கல்ல எடுத்து வச்சாப்போல போயிருச்சு."

பஸ்ஸே பெருமூச்சு விட்டது. இங்கேதான் என் இரண்டாவது தவறு. வலி போனதும் நான் வெற்றி பெற்றவனைப்போலப் பின்னால் திரும்பினேன். சோடாக்காரரிடம், இது வாயு இல்லை என்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அந்த நேரத்தில் ஹனீபா நானா எழுந்து நின்றார்.

"சில்லு பள்ளத்துப் பக்கம் ஓரமா இருக்கான்னு பாத்துட்டு வாறன்…"

இரண்டு அடி வைத்தார். மரம் சாய்வதுபோல விழுந்தார்.

மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இல்லை, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குளிசை இதயத்தின் குழாய்களை மட்டும் விரிப்பதில்லை. உடம்பு முழுவதும் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. உட்கார்ந்திருக்கிறவருக்கு அது நல்லது, இதயத்தின் சுமை குறைகிறது. நிமிர்ந்து நின்றால் இரத்தம் காலுக்குள் தேங்கி, அழுத்தம் விழுந்துவிடும். ஒடுங்கிப்போன குழாய் வழியாக இரத்தத்தைத் தள்ளிக்கொண்டு போவதே அந்த அழுத்தம்தான். இன்னொன்றும் இருக்கிறது. இதயம் சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. இடது பக்கத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் இறங்குவது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் உள்ள ஓய்வில்தான். அழுத்தம் விழுந்ததும் இதயம் பயந்து வேகமாக ஓடும். வேகமாக ஓடினால் அந்த ஓய்வு குறுகிவிடும். சாப்பாடு குறைந்த வீட்டில் சாப்பிடுகிற நேரத்தையும் பறித்தாற்போல. என் குளிசையும் என் கவனக்குறைவும் சேர்ந்து அந்த மனிதருக்கு இதைத்தான் செய்திருந்தன.

பையில் அட்ரினலின் ஊசி இருந்தது. என் கை அதை நோக்கிப் போனது உண்மை. ஏதாவது செய், செய், என்று உள்ளே ஒரு சத்தம். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஊசி, ஏற்கெனவே பட்டினி கிடக்கிற தசையைச் சவுக்கால் அடித்து இன்னும் ஓட வைக்கும். கையை வெளியே எடுத்தேன்.

"பூசணிக்காய்ச் சாக்க இங்க தள்ளுங்க!"

அவரைத் தட்டையாகப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் தூக்கிச் சாக்கின் மேல் வைத்தேன். கழுத்தில் விரலை வைத்துக் காத்திருந்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. சோடாக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த டொக்டர் ஏன் சும்மா இருக்கிறான் என்ற பார்வை. முதலில் கழுத்தில் ஒரு மெல்லிய தட்டல் வந்தது. பிறகு அது ஒழுங்கானது. பிறகு மணிக்கட்டிலும் வந்தது.

ஹனீபா நானா கண்ணைத் திறந்தார்.

"பஸ் உருளல்லதானே?"

"உருளல்ல நானா. பேசாம படுங்க."

நான் எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க. அவரு பயப்படாம இருந்தா இதயம் மெதுவா அடிக்கும். மெதுவா அடிச்சாத்தான் அதுக்கு இரத்தம் கெடைக்கும்." சிங்களத்திலும் ஒருதரம் சொன்னேன். அப்படியே ஒரு பஸ் முழுவதும் அமைதியானது. ஒரு கூடைக்குள் இருந்த கோழி மட்டும் விட்டுவிட்டுக் கொக்கரித்தது. சிங்களக் கிழவி ஒருவர் கீழே உட்கார்ந்து, சாக்கிலிருந்து சரிந்த அவருடைய பாதங்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். யாரும் கேட்காமலே செய்தார்.

தம்புள்ளைப் பக்கமிருந்து ஒரு லொறி வந்தது. கொண்டக்டர் மறித்தார். லொறிக்காரருக்கு ஹனீபா நானாவைத் தெரியும். நிலைமையைக் கண்டதும் லொறியைப் பின்னால் ஓரம் கட்டிவிட்டு பஸ்ஸில் ஏறி ஸ்டேரிங்கைப் பிடித்தார். பாரம் குறையட்டும் என்று பயணிகள் தாங்களாகவே இறங்கினார்கள். கூரையில் இருந்த சாக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"டொக்டர், வேகமாப் போனா பத்து நிமிசம் மிச்சம்," என்றார் லொறிக்காரர்.

"மெதுவாப் போங்க. குலுக்காம, திடீர்னு பிரேக் பிடிக்காமப் போங்க. எனக்கு ஆள்தான் மிச்சமாகணும்."

அவர் ஒரு கல்யாண ஊர்வலத்தை ஓட்டுகிறவரைப்போல ஓட்டினார். மாத்தளையில் சேர்த்தோம். மறுநாள் கண்டியிலிருந்து கருவியை வரவழைத்து எடுத்த ஈ.சி.ஜி.யில் இதயத்தின் கீழ்ப்பக்கம் ஒரு சிறிய பகுதி அடிபட்டிருப்பது தெரிந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி வாரக்கணக்கில் கட்டிலிலேயே வைத்திருந்தார்கள்.

நான் கோபத்தோடு கண்டிக்குப் போனேன். தாளில் ஒரு வரி எழுதிய அந்த வைத்தியரைப் பார்த்தேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு கோவையைத் தேடி எடுத்து, நான் அனுப்பிய கடிதத்தை என் முன்னால் வைத்தார்.

"வலி எப்போது வருகிறது என்று அவர் உங்களிடம் சொல்லவில்லையா?"

"சொன்னார்."

"அதை எனக்கு ஏன் சொல்லவில்லை?"

தேநீர் வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன். நாற்பது வருடச் சேவையில் எனக்குக் கிடைத்த மிகக் கடுமையான கண்டனம் அதுதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நூருல் ராத்தா இருந்தார். அவரிடம் நேரே போய், "ராத்தா, நீங்க சொன்னத நான் கேக்கல்ல. என் பிழை," என்றேன். அவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஆளு உசிரோட இருக்கு டொக்டர். மத்தத பொறகு பேசுவோம்."

பிறகு பேசத்தான் செய்தார். ஹனீபா நானா வீட்டுக்கு வந்து சில மாதங்களில், டிப்போவிலிருந்து மறுபடியும் கடிதம் கேட்டார்கள். ஹனீபா நானா என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கெஞ்சினார். "தட்டையான றோட்டுல ஒரு ரூட் தாங்கன்னு எழுதுங்க டொக்டர். வேற தொழில் எனக்குத் தெரியாது. நான் பஸ்ஸ நிப்பாட்டினேன்தானே? ஒரு ஆளுக்குக் கீறல்கூட விழல்லயே?"

அது உண்மை. அந்த வலியோடு கால் மைல் ஓட்டிப் பத்திரமான இடத்தில் நிறுத்திய மனிதரிடம், இனி நீங்கள் ஓட்டக்கூடாது என்று எப்படிச் சொல்வது? நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். நூருல் ராத்தா வாசலில் நின்றபடி சொன்னார்:

"இந்தத் தடவை என்னைக் கேட்டுட்டு எழுதுங்க டொக்டர்."

கேட்டேன். எங்கே நிற்கிறார், எத்தனை நேரம், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, குளிர்ந்த காலையில் எப்படி, எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் பயணிகள் பஸ் ஓட்டக்கூடாது என்றும், உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கும்படியும் எழுதினேன். ஹனீபா நானா எழுந்து, ஸலாம்கூடச் சொல்லாமல் போனார்.

நாவுல பஸ் ஹோல்ட்டில் டைம் கீப்பர் வேலை கொடுத்தார்கள். ஒரு மரக்கூடு, ஒரு மணிக்கூடு, பஸ் வந்த நேரம் போன நேரம் எழுத ஒரு கொப்பி. நான் அந்தப் பக்கம் போனால் அவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் சொல்லியிருந்தபடி, வலி வருவதற்கு முன் நின்று, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்று ராத்தா வந்து சொல்லிவிட்டுப் போவார். அடைபட்ட குழாயைச் சுற்றிச் சிறிய குழாய்கள் புதுவழி தேடிக்கொள்ளும் என்று நாங்கள் அப்போது நம்பினோம். அப்படித்தானோ என்னவோ, மேட்டில் நிற்கும் இடம் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது.

என் வழக்கமும் மாறியது. நெஞ்சு வலி என்று வருகிறவர்களை நான் கேட்டிலிருந்து வார்டு வரைக்கும் உள்ள சரிவில் என்னோடு நடக்க வைத்தேன், நாடியில் விரலை வைத்தபடியே. வலிப்பதற்கு முன்னால் நிற்கச் சொல்வேன். மிஸ்ஸி சிரிப்பார். "டொக்டர் மாப்பிள்ளை ஊர்வலம் போறாரு," என்பார். வீட்டுக்காரர்களையும் கேட்கத் தொடங்கினேன். மனைவிமாருக்குத் தெரியாத ஏற்றம் இல்லை.

ஒன்பதாவது மாதம் பல்லேகமவிலிருந்து ஒரு மிளகாய்த் தோட்டக்காரர் வந்தார். கையில் ஒரு பஸ் டிக்கட். அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது: 'மைல்கல்லுக்குப் பக்கத்தில் ஒருதரம் நின்றார். தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஒருதரம். வாயு என்கிறார்.'

கையெழுத்து எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு டிக்கட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஹோல்ட்டுக்கு வர ஒரு ஏற்றம் ஏற வேண்டும். கூட்டுக்குள் இருந்தபடியே அவர் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அனுப்பியவர்களில் சிலருக்கு நெஞ்சில் சளி, சிலருக்கு வெறும் களைப்பு. தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இதயக் குழாயில் குறை எதுவும் தெரியவில்லை. கொக்கிப்புழுவால் இரத்தம் தண்ணீராகப் போயிருந்தது. போதிய இரத்தம் ஓடினாலும் அதில் ஒட்சிசன் இல்லாவிட்டால் இதயம் பட்டினிதானே? பூச்சிக்கு மருந்தும் இரும்புச்சத்தும் கொடுத்ததில் சில மாதங்களில் அவள் மலை ஏறினாள். ஆனால் பலருக்கு உண்மையாகவே இதயம்தான். ஈ.சி.ஜி. நன்றாக இருந்தவர்களும் அவர்களில் உண்டு. நான் டிக்கட்டைத்தான் நம்பினேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இடமாற்றம் வந்தது. பல ஊர்களைச் சுற்றினேன். பெரிய ஆஸ்பத்திரி, அதிக வேலை, அதிக சிகரெட். ஏழெட்டு வருடம் கழித்து ஒரு சிநேகிதனின் வீட்டு விசேஷத்துக்காக நாவுலைக்குப் போனேன். நாற்பதைத் தாண்டியிருந்தேன். விருந்து முடிந்து, பஸ் பிடிப்பதற்காக ஹோல்ட்டுக்கு ஏறி வந்தேன்.

கூட்டுக்குள் அவர்தான் இருந்தார். தாடி முழுக்க வெள்ளை. நூருல் ராத்தா நலம், மகள் ஆசிரியை ஆகிவிட்டாள், பழைய மிஸ்ஸி கல்யாணம் முடித்துக் குருநாகல் போய்விட்டார் என்று எல்லாம் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர்."

"சொல்லுங்க நானா."

"கீழ இருந்து வரக்குள்ள ரெண்டு தரம் நிண்டீங்க."

நான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தேன். "வெயில் நானா. சாப்பாடும் கொஞ்சம் கூடிப்போச்சு."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

பெஞ்சில் இருந்த கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார்.

"உள்ளுக்கு வந்து இருங்க. எப்ப இருந்துன்னு சொல்லுங்க."

ஆறு மாதமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசிப்பதுபோல நிற்கப் பழகியிருந்தேன். அந்த மரக்கூட்டுக்குள் உட்கார்ந்து முதல் தடவையாகச் சொல்லத் தொடங்கினேன்.

மாத்தளை பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. ஹனீபா நானா என் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே ஒரு கையை உயர்த்தி அதை நிற்க வைத்தார்.